பெரிய கம்பெனி நம்ம கூட சேர்ந்து புது கம்பெனி திறக்கலாம்னு சொல்றாங்க, கையெழுத்து போடலாமா?

பிறை_பம்ப்காரன்:

வணக்கம் எல்லாருக்கும். ரொம்ப நாளா இங்க படிச்சிக்கிட்டு மட்டும் இருந்தேன், இப்ப எனக்கே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கு, அதான் எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்குங்க.

நான் பினாங்கு, பிறை பக்கம். பதினோரு வருசம் பாயான் லெப்பாஸ்ல ஒரு ஃபேக்டரியில மெய்ன்டெனன்ஸ் டெக்னீஷியன். 2022ல வேலைய விட்டேன். விட்டதுக்குக் காரணம் ஒரு சின்னப் பெட்டி. பம்ப், கம்ப்ரசர், சில்லர் மோட்டார்ல எல்லாம் பேரிங் கெட ஆரம்பிச்சா முதல்ல அதிர்வுலதான் தெரியும், சூடு ஏறுறது கரண்ட் ஏறுறது எல்லாம் அப்புறம்தான். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த பெரியவரு ஸ்க்ரூடிரைவர் நுனிய பேரிங் மேல வச்சு பிடிய காதுல அழுத்திக்கிட்டு கண்ண மூடிக் கேப்பாரு, "இது இன்னும் ரெண்டு வாரம் தாங்கும்டா"ம்பாரு, தாங்கும். ஆனா இருநூறு பம்ப் ஓடுற இடத்துல ராத்திரி ஷிப்ட்ல ரெண்டே பேர், யாரு ஒவ்வொண்ணா காது வைக்கிறது? அந்தக் காது வேலையத்தான் எங்க பெட்டி செய்யுது. காந்தத்துல ஒட்டிக்கும், போனுக்கு மெசேஜ் போகும். நானும் என் கூட்டாளியும் (அவன்தான் சாஃப்ட்வேர்) சேமிப்பு, இபிஎஃப்ல எடுக்க முடிஞ்சது எல்லாத்தையும் போட்டு செஞ்சோம்.

போன வருசம் ஒரு பெரிய குழுமம், பேர் வேணாம், நாலஞ்சு ஃபேக்டரி வச்சிருக்காங்க, பாய்லட் (சோதனை ஓட்டம்) பண்ணுங்கன்னு கூப்பிட்டாங்க. 40 பெட்டி மாட்டினோம். மூணு மாசம்னு சொன்னது ஏழு மாசம் ஓடுச்சு, பெட்டிக்கு மட்டும் 18,000 வெள்ளி (ரிங்கிட்) பில் போட்டோம், அதுவும் அஞ்சு மாசம் கழிச்சுத்தான் வந்துச்சு. ஆனா பெட்டி வேலை செஞ்சிச்சு. ரெண்டு வேக்குவம் பம்ப் நிக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிடுச்சு.

இப்ப அவங்க சொல்றது, புதுசா ஒரு சென்டிரியான் பெர்ஹாட் (பிரைவேட் லிமிடெட் கம்பெனி) திறப்போம், 70 விழுக்காடு அவங்க, 30 நாங்க. 5 லட்சம் வெள்ளி போடுவாங்க, மூணு கட்டமா. நாங்க சாஃப்ட்வேர் டிசைன் எல்லாத்தையும் புது கம்பெனிக்கு எழுதிக்கொடுக்கணும். எங்களுக்கு மாச சம்பளம் உண்டு. மூணு வருசத்துக்கு வேற யாருக்கும் விக்கக்கூடாது. அக்ரிமெண்ட் 41 பக்கம். கையில இருக்கிற காசு நாலு மாசத்துக்கு வரும், கூட்டாளிக்கு குழந்தை பொறந்து ஆறு வாரம்தான் ஆகுது. அவன் போட்டுடலாம்னு சொல்றான். எனக்கு மனசு ஒட்டல, ஆனா ஏன்னு தெளிவா சொல்லத் தெரியல. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

செந்தூல்_பையன்:

வாழ்த்துகள் அண்ணே, முதல்ல அத சொல்லிடுறேன். ஏழு மாசம் ஒரு பெரிய ஃபேக்டரிக்குள்ள நின்னு ஓடியிருக்குன்னா அதுவே பெரிய விசயம், கேஎல்ல பாதிப் பேரு ஸ்லைடோட நிக்கிறாங்க.

நான் உங்க கூட்டாளி பக்கம். நானும் 2019ல ஒரு பெரிய குழுமத்துக்கு 25 விழுக்காடு கொடுத்தேன் (லாஜிஸ்டிக்ஸ் சாஃப்ட்வேர்), இன்னிக்கு வரைக்கும் வருத்தமே இல்ல. அவங்க போட்ட காச விட அவங்க பேரு உதவுச்சு. அதுக்கு முன்னாடி வங்கிக்குப் போனா பாஸ்புக்க காட்டுன்னு கேப்பாங்க, அப்புறம் காப்பி கொடுத்து உக்கார வச்சாங்க. பெரிய ஆளோட லோரி எல்லாம் நமக்கு டெஸ்ட் பண்ண கிடைச்சிச்சு, அந்த டேட்டாவ நாம எங்க போய் வாங்குறது? டச் அண்ட் கோ ஈவாலட்டையே பாருங்க, 2017ல டச் அண்ட் கோவும் சீனாவோட ஆண்ட் ஃபைனான்சியலும் சேர்ந்து திறந்த ஜேவிதான (கூட்டுக் கம்பெனி) அது, டோல் கார்டு கம்பெனி தனியா அந்த அளவுக்கு வந்திருக்குமா?

நாலு மாசக் காச வச்சிக்கிட்டு மனசு ஒட்டலன்னு யோசிக்கிறது ஆபத்து அண்ணே.

ஆயர்ஈத்தாம்_கணக்கு:

தம்பி செந்தூல், ஆண்ட் ஃபைனான்சியல் நம்ம பிறை தம்பி மாதிரி நாலு மாசக் காசோட வந்து உக்காரலயே. டிஜிட்டல் பேங்க் லைசென்சும் அப்படித்தான், 2022ல நம்ம மத்திய வங்கி பேங்க் நெகாரா அஞ்சு பேருக்குக் கொடுத்துச்சு, பூஸ்டும் ஆர்எச்பியும் சேர்ந்து ஒண்ணு, சிங்கப்பூர் சீ கம்பெனியும் ஒய்டிஎலும் சேர்ந்து ஒண்ணு. ஆரம்பத்துலயே 100 மில்லியன் வெள்ளி மூலதனம் காட்டணும். ரெண்டு யானை கை கோக்குறது வேற கணக்கு. இங்க ஒரு பக்கம் யானை, இன்னொரு பக்கம் நம்ம பையனுங்க ரெண்டு பேரு.

நான் கம்பெனி செக்ரட்டரி வேலை இருபது வருசமா செய்றேன், லாயர் கிடையாது, அதனால கடைசியில லாயர் கிட்ட காட்டாம எதுலயும் கை வைக்காதீங்க. ரெண்டு விசயம் மட்டும் சொல்றேன்.

30 விழுக்காடுங்கிறது கேக்க சின்னதா இருந்தாலும் சும்மா இல்ல. 2016 கம்பெனி சட்டப்படி சிறப்புத் தீர்மானத்துக்கு 75 விழுக்காடு ஓட்டு வேணும், அதாவது உங்க கையில 25க்கு மேல இருக்கிற வரைக்கும் கம்பெனி சாசனத்த அவங்க இஷ்டத்துக்கு மாத்த முடியாது. ஆனா மூணு கட்டமா காசு போடுறாங்கன்னு சொன்னீங்களே, ஒவ்வொரு கட்டத்துலயும் புது பங்கு வெளியிடுவாங்களா? அப்படின்னா மூணாவது கட்டத்துல உங்க 30 எவ்வளவா கரையும்? அந்தக் கணக்க ஒரு தாள்ல போட்டுப் பாருங்க. 24க்கு இறங்கிட்டா அந்தப் பூட்டு போயிடும்.

ரெண்டாவது இன்னும் முக்கியம். பாய்லட் சமயத்துல அவங்க கேட்டாங்கன்னு ஏதாவது தனியா எழுதிக்கொடுத்தீங்களா, சாஃப்ட்வேரோ டேஷ்போர்டோ? அப்ப எழுத்துல என்ன போட்டீங்க? நம்ம நாட்டு 1987 காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்துல 26வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, ஒருத்தர் சொல்லி நீங்க செஞ்சு கொடுத்த படைப்போட காப்புரிமை, வேற மாதிரி ஒப்பந்தம் இல்லன்னா, செய்யச் சொன்னவருக்கே போயிடும். நிறைய பேரு தலைகீழா நினைச்சிக்கிட்டு இருக்காங்க, நான்தான கோட் எழுதினேன் அதனால என்னுதுன்னு.

பிறை_பம்ப்காரன்:

அண்ணே நீங்க சொன்ன ரெண்டாவது விசயத்தப் படிச்சதும் ராத்திரி தூக்கமே வரல. அவங்க சூப்பர்வைசருக்குன்னு ஒரு டேஷ்போர்டு தனியா செஞ்சு கொடுத்தோம். எழுத்துல எதுவும் இல்ல. என்டிஏ (ரகசியம் காக்குற ஒப்பந்தம்) மட்டும் இருக்கு. நல்லவேளை பெட்டிக்குள்ள ஓடுற சாஃப்ட்வேரும் அதிர்வ பிரிச்சுப் பாக்குற கணக்கும் அவங்கள பாக்குறதுக்கு முன்னாடியே எழுதினது, கூட்டாளி தேதியோட எல்லாத்தையும் வச்சிருக்கான்.

புது பங்கு விசயம், ஆமா, ரெண்டாம் கட்டத்துலயும் மூணாம் கட்டத்துலயும் வெளியிடுவாங்க. இன்னிக்குத்தான் கணக்கு போட்டோம். கடைசியில எங்ககிட்ட 19.

பர்ச்சேசிங்_அக்கா:

தம்பி, நான் பத்தொன்பது வருசம் பர்ச்சேசிங்ல இருந்தவ, மூணு எம்என்சி. மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னு சொல்றேன்.

உன்னைக் கூப்பிட்டது யாரு, இன்னோவேஷன் டீமா, பிளான்ட்டா? ஏழு மாசம் இழுத்ததையும் அஞ்சு மாசம் கழிச்சு பில் வந்ததையும் பாத்தா இன்னோவேஷன் டீம்னு நினைக்கிறேன். அவங்க கிட்ட பாய்லட் காசு கொஞ்சம் இருக்கும், அதுக்கு மேல வாங்க அதிகாரம் இருக்காது. வருசக் கடைசியில அவங்க மேல காட்ட வேண்டியது "இத்தனை ஸ்டார்ட்அப் கூட சேர்ந்தோம்"ங்கிறது. ஜேவி போட்டா அந்தக் கணக்குக்கு அழகா இருக்கும். அவங்க கெட்டவங்க இல்ல, அவங்க வேலை அப்படி.

ஆனா உன் பெட்டிய நிஜமா வேணுங்கிறவன் பம்ப் ரூம்ல இருக்கான். மெய்ன்டெனன்ஸ் மேனேஜர். பம்ப் நின்னா பிளான்ட் மேனேஜர் திட்டுறது அவனத்தான். அவனுக்குன்னு வருசச் செலவு பட்ஜெட் ஒண்ணு உண்டு, ஸ்பேர் பார்ட், சர்வீஸ் கான்ட்ராக்ட்டுக்கு. ஒரு தொகை வரைக்கும் பிளான்ட் மேனேஜர் கையெழுத்தே போதும், எச்கியூ (தலைமை ஆபீஸ்) வரைக்கும் போக வேணாம். அந்தத் தொகை எவ்வளவுன்னு விசாரி. உன் விலைய அதுக்குள்ள வர்ற மாதிரி பிரிச்சுக் கொடு, ஃபேக்டரிக்கு ஃபேக்டரி தனித்தனி ஆர்டரா, வருசச் சந்தாவா. ஒரே ஆர்டர துண்டு துண்டா வெட்டச் சொல்லல, அது ஆடிட்ல மாட்டும், நிஜமாவே தனித்தனி ஃபேக்டரி தனித்தனி தேவை.

முதல் வேலை வெண்டர் கோட் (அவங்க சிஸ்டத்துல உனக்குன்னு ஒரு சப்ளையர் நம்பர்) வாங்கு. கோட் இல்லாத ஆளுக்கு பில் கட்டுறது எங்களுக்கே தலைவலி, உன் 18,000 அங்கதான் மாட்டியிருக்கும். மூணு வருச ஆடிட் கணக்கு கேப்பாங்க, உன்கிட்ட இருக்காது, அப்ப பிளான்ட்டே விதிவிலக்குக் கடிதம் எழுதணும், அதுக்கு அந்த ரெண்டு வேக்குவம் பம்ப் கதை வேணும். அது நின்னிருந்தா எத்தனை மணி நேரம் லைன் நின்னிருக்கும், எவ்வளவு வேஃபர் (சிப் செய்ற சிலிக்கான் தட்டு) போயிருக்கும், அவங்க வாயாலயே ஒரு இமெயில்ல வாங்கி வை.

செந்தூல்_பையன்:

அக்கா சொல்றது சரி ஆனா பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்) வாங்கி அது 90 நாள் டெர்ம்ல காசா மாறுறதுக்குள்ள ரெண்டு பேரும் பட்டினிதான்.

பர்ச்சேசிங்_அக்கா:

அதனாலதான் டெர்ம பேசச் சொல்றேன். சின்ன வெண்டருக்கு 30 நாள் கொடுக்க எங்களுக்கு வழி இருந்துச்சு, யாரும் கேக்கலன்னா கொடுக்க மாட்டோம். முன்பணம் 30 விழுக்காடும் கேக்கலாம், ஹார்ட்வேர் செய்றவனுக்கு அது நியாயம். பெரிய கம்பெனி பிஓ கையில இருந்தா அத வச்சு ஃபைனான்ஸ் பண்றவங்க இருக்காங்க, ஜேவி பேப்பர வச்சு யாரும் ஒரு வெள்ளி தர மாட்டாங்க.

பழைய_லைன்லீடர்:

எல்லாரும் பசியாறிட்டீங்களா. நான் 1979ல பாயான் லெப்பாஸ்ல சேர்ந்து 2014ல ஓய்வு. பேத்தி ஃபோன்ல டைப் பண்ணிக் கொடுக்குறா. அந்தத் தம்பிக்கு ஒரு பழைய கதை சொல்லணும்னு தோணுச்சு, நாங்க ட்ரெயினிங்ல கேட்டது.

1957ல அமெரிக்காவுல ஷாக்லின்னு ஒருத்தர் கிட்ட வேலை பாத்த எட்டு பேரு ஒண்ணா வெளிய வந்தாங்க, டிரான்சிஸ்டர் செய்ய. ஏகப்பட்ட கம்பெனிக் கதவ தட்டி எல்லாரும் இல்லன்னுட்டாங்க. கடைசியில ஃபேர்சைல்டு கேமரா அண்ட் இன்ஸ்ட்ருமென்ட்னு ஒரு பெரிய கம்பெனி சரின்னுச்சு. கிட்டத்தட்ட 13 லட்சத்து 80 ஆயிரம் டாலர் கொடுத்தாங்க. ஃபேர்சைல்டு செமிகண்டக்டர் அப்படித்தான் ஆரம்பிச்சிச்சு, இப்ப நீங்க பேசுற அதே மாதிரி பெரிய கம்பெனி காசு, சின்ன ஆளுங்க மூளை. ஆனா பேப்பர்ல ஒரு வரி இருந்திச்சு, 30 லட்சம் டாலர் கொடுத்தா மொத்தப் பங்கையும் கேமரா கம்பெனி வாங்கிக்கலாம்னு. வேலை நல்லா ஓடுச்சு, ரெண்டு வருசத்துல அந்த வரிய எடுத்து வாங்கிட்டாங்க. எட்டு பேருக்கும் காசு வந்துச்சுதான், ஆனா அதுக்கப்புறம் சொந்தக் கம்பெனியில சம்பளக்காரங்க. கலிபோர்னியாவுல சம்பாதிச்சா கிழக்குக் கரையில உக்காந்திருக்கிற தலைமை அத எங்க செலவு பண்றதுன்னு முடிவு பண்ணும்.

ஒவ்வொருத்தரா கிளம்பினாங்க. அந்த எட்டு பேர்ல நாய்சும் மூரும் 1968ல போய் இன்டெல் திறந்தாங்க. அங்க மேனேஜரா இருந்த ஸ்போர்க் நேஷனல் செமிகண்டக்டருக்குப் போனாரு, சாண்டர்ஸ் 1969ல ஏஎம்டி. அந்த மூணு கம்பெனியும்தான் 1972 வாக்குல நம்ம பாயான் லெப்பாஸ் வயக்காட்டுல வந்து இறங்குச்சு, அப்ப பினாங்கு முதலமைச்சரா இருந்த துன் லிம் சோங் யூ காலத்துல. எங்க வீட்டுல மூணு பேரு அந்தச் சம்பளத்துல படிச்சோம். இத்தனையும் ஒரு பேப்பர்ல இருந்த ஒரு வரியால.

தம்பி, உன் 41 பக்கத்துல அந்த வரி இருக்கான்னு பாரு.

பிறை_பம்ப்காரன்:

அங்கிள், இருக்கு. 33வது பக்கம். "முதல் கட்டத் தேதியிலிருந்து 24 மாதத்துக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும்" எங்க பங்க அவங்க வாங்கிக்கலாம், விலைய அவங்க நியமிக்கிற மதிப்பீட்டாளர் சொல்வாரு. நாங்க மறுக்க முடியாது. நான் அந்தப் பக்கத்த ரெண்டு தடவை படிச்சிருக்கேன், ஏதோ வழக்கமா போடுற விசயம்னு தாண்டிப் போயிட்டேன்.

கூட்டாளிக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரம் பதிலே இல்ல. அப்புறம் கூப்பிட்டு "நாளைக்குப் பேசலாம்டா"ன்னு மட்டும் சொன்னான்.

செந்தூல்_பையன்:

ஓகே, இந்த வரி இருக்குன்னா நானும் போடாதீங்கன்னுதான் சொல்வேன். என்னோட அக்ரிமெண்ட்ல இது கிடையாது, என் கம்பெனி என் பேர்லயே இருந்துச்சு, அவங்கதான் உள்ள வந்தாங்க, நான் எதையும் எழுதிக்கொடுக்கல. ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சு முதல்ல பேசிட்டேன், மன்னிக்கணும் அண்ணே.

இன்னொண்ணு சொல்லணும், இத வெளிய அதிகமா பேசினதில்ல. என்னை உள்ள கூட்டிட்டு வந்த ஜெனரல் மேனேஜர் ரெண்டாவது வருசம் மாறிட்டாரு. புதுசா வந்தவரு முதல் மீட்டிங்லயே "இது யாரோட புரோஜெக்ட்?"னு கேட்டாரு. யாரும் வாய் திறக்கல. எனக்கு வெளிய நாலு கஸ்டமர் இருந்ததாலதான் தப்பிச்சேன். உங்களுக்கு மூணு வருசம் வேற யாருக்கும் விக்கக்கூடாதுன்னா, அந்தக் கதவு மூடினா வேற கதவே இல்ல.

ஜெர்மனியில பிஎம்டபிள்யூ 2015ல ஸ்டார்ட்அப் கராஜ்னு ஆரம்பிச்சாங்க, அவங்க பங்கு கேக்கறதில்ல, முதல் ஆர்டர் கொடுக்குற கஸ்டமரா மட்டும் வர்றாங்க. இந்த மாதிரிக்கு வென்ச்சர் கிளையன்ட்னு பேரு. இத உங்க ஆளுங்க கிட்ட எடுத்துச் சொல்லுங்க, கார்ப்பரேட் ஆளுங்களுக்கு வேற ஒரு பெரிய கம்பெனி செஞ்சிருக்குன்னா தைரியம் வரும்.

பழைய_லைன்லீடர்:

பிஎம்டபிள்யூ வரைக்கும் போக வேணாம் தம்பி. நம்ம குளோப்ட்ரானிக்ஸ் 1991ல இன்டெல்ல இருந்து வந்தவங்க திறந்ததுதான். விட்ராக்ஸ் 2000ல எச்பியில இருந்த ரெண்டு இஞ்சினியருங்க. பினாங்குல ஜெயிச்ச நம்மூர் கம்பெனி நிறைய இப்படித்தான், பழைய ஃபேக்டரியோட கஷ்டம் என்னன்னு தெரிஞ்ச ஆளு வெளிய வந்து அந்த மாதிரி ஃபேக்டரிகளுக்கே செஞ்சு வித்தான். நீயும் பதினோரு வருசம் உள்ள இருந்தவன்.

கூலிம்_நைட்ஷிப்ட்:

நான் கூலிம்ல இதே வேலைதான், ராத்திரி ஷிப்ட். ஒரு கேள்வி, கொஞ்சம் வேற பக்கம் போகுது. அவங்க ஏன் 70 கேக்குறாங்க? எங்க மேனேஜர் இந்த மாதிரி சின்ன வெண்டரப் பாத்தா முதல்ல பயப்படுறது, இவன் நாளைக்கு கடைய மூடிட்டா என் 200 பம்ப்ல ஒட்டியிருக்கிற பெட்டிய யாரு பாப்பா? இந்தப் பயத்துக்கு மருந்து கொடுத்தா 70ஐ விடலாம்ல?

ஆயர்ஈத்தாம்_கணக்கு:

நல்ல கேள்வி. அதுக்கு மருந்து இருக்கு, எஸ்க்ரோ. சோர்ஸ் கோட், சர்க்யூட் டிராயிங், பார்ட்ஸ் வாங்குற இடம் எல்லாத்தையும் மூணாம் ஆள் கிட்ட பூட்டி வைக்கிறது. கம்பெனி மூடினாலோ, சொன்ன நாளுக்குள்ள சர்வீஸ் கொடுக்கலன்னாலோ மட்டும் அவங்க எடுத்துக்கலாம், அதுவும் சொந்த ஃபேக்டரியில ஓட்டுறதுக்கு மட்டும். விக்கக்கூடாது. சொத்து உங்ககிட்டயே இருக்கும், அவங்க பயமும் போயிடும். அந்த டேஷ்போர்டுக்கும் இதே பேச்சுவார்த்தையில ஒரு பக்கக் கடிதம் வாங்கிடுங்க, காப்புரிமை உங்களுதுன்னு ரெண்டு பக்கமும் கையெழுத்து. இப்ப அவங்களுக்கு நீங்க வேணும், இப்பவே வாங்குங்க. எக்ஸ்க்ளூசிவ் கேட்டா மூணு வருசத்த ஆறு மாசம் ஆக்குங்க, அதுவும் அவங்க நேரடிப் போட்டியாளருங்க பேர எழுதி, அவங்களுக்கு மட்டும் விக்கக்கூடாதுன்னு.

பிறை_பம்ப்காரன்:

மூணு வாரம் ஆச்சு, நிலைமைய சொல்லிடுறேன், உதவி பண்ணவங்களுக்கு சொல்லாம இருக்கக்கூடாது.

இன்னோவேஷன் டீம் கிட்ட போறதுக்கு முன்னாடி அக்கா சொன்ன மாதிரி மெய்ன்டெனன்ஸ் மேனேஜரப் பாத்தேன். சீனர், அம்பது வயசு இருக்கும், பேசிக்கிட்டே பம்ப் ரூமுக்குக் கூட்டிட்டுப் போனாரு. பாய்லட் முடிஞ்சதும் எங்க பெட்டிய கழட்டச் சொல்லி மேல இருந்து ஆர்டர் வந்ததாம், அவரு கழட்டல. 40ல 38 இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு, மத்த ரெண்டும் பேட்டரி போனது. டெக்னீஷியன் பையன் மார்க்கர்ல ஒவ்வொரு பெட்டி மேலயும் கடைசியா எச்சரிக்கை வந்த தேதிய எழுதி வச்சிருக்கான். எனக்குத் தொண்டை அடைச்சிக்கிச்சு. அவரே பம்ப் நின்னா மணிக்கு என்ன நஷ்டம்னு இமெயில் போட்டாரு, தொகைய இங்க போட முடியாது, ஆனா எங்க வருச விலை அதுல ரெண்டு மணி நேரத்துக்குக்கூட வராது.

ஜேவி வேணாம்னு சொன்னப்ப முதல்ல முகம் மாறுச்சு. எஸ்க்ரோன்னு சொன்னதும் அவங்க லீகல் ஆளு நிமிர்ந்து உக்காந்தாரு, அவரு பயம் உண்மையிலயே அதுதான் போல. இப்ப முடிவானது, ரெண்டு ஃபேக்டரிக்கு 120 பெட்டி, ஒரு வருசச் சந்தா, 30 விழுக்காடு முன்பணம், மீதி 45 நாள். டேஷ்போர்டு கடிதத்துல கையெழுத்து வாங்கிட்டோம். எக்ஸ்க்ளூசிவ் ஒம்போது மாசம், மூணு கம்பெனி பேரு எழுதி. பங்கு பத்தி ஒரு வருசம் கழிச்சு பேசலாம், அப்படியே வந்தாலும் எங்க கம்பெனிக்குள்ளதான் வரணும்னு எழுத்துல இருக்கு.

5 லட்சம் வராது, அது உண்மை. கூட்டாளி பகல்ல வெளிய ஒரு கான்ட்ராக்ட் வேலை ஆறு மாசத்துக்கு எடுத்திருக்கான், ராத்திரிதான் இது. அவன் வீட்டுல கஷ்டம்தான், அவன் மனைவிக்கு நான் நன்றி சொல்லணும்.

பர்ச்சேசிங்_அக்கா:

பிஓ நம்பர் வந்திடுச்சா? வாய் வார்த்தைய நம்பி ஒரு பார்ட்கூட ஆர்டர் பண்ணாத தம்பி.

பிறை_பம்ப்காரன்:

வந்திடுச்சு அக்கா, நேத்து சாயங்காலம். வெண்டர் கோடும் வந்திடுச்சு. முன்பணம் ஏறினதும்தான் பார்ட்ஸ் வாங்குவோம்.

கூலிம்_நைட்ஷிப்ட்:

அண்ணே அந்த பேட்டரி போன ரெண்டும் சூடு ஜாஸ்தி இருக்கிற பம்ப் மேல இருந்ததா? எங்க இடத்துல ட்ரை பம்ப் (எண்ணெய் இல்லாம ஓடுற வேக்குவம் பம்ப்) மேல கை வைக்க முடியாது, அங்க காந்தம் ஒட்டினா சரிப்படாது, ஒரு அடாப்டர் பிளேட் போட்டுத் தள்ளி மாட்டணும். எங்க மேனேஜர் கேக்குறாரு, 20 பெட்டி எடுத்து வந்து காட்ட முடியுமா? அந்த மூணு கம்பெனி லிஸ்ட்ல நாங்க இல்லதான?

பிறை_பம்ப்காரன்:

ஆமா, ரெண்டும் ட்ரை பம்ப்தான். நீங்க லிஸ்ட்ல இல்ல. பிளேட் டிராயிங் இன்னிக்கு ராத்திரி அனுப்புறேன், உங்க பம்ப் மாடல் என்னன்னு தனி மெசேஜ்ல போடுங்க. சனிக்கிழமை காலையில பாலம் தாண்ட வேண்டியதில்ல, பிறையில இருந்து கூலிம் பக்கம்தான், நானே வந்து மாட்டுறேன். ஆனா பாய்லட்டுக்கு விலை உண்டு, முன்னாடியே சொல்லிடுறேன்.